மாச்சிட்டோ குழுவை நடத்தியவர் யார்?

இசை: கேள்வி – பதில்

கேள்வி: கல்யாண ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் வாசிக்கும் பேண்டு செட்டில் நான் டிரம்பெட். டிஸி கில்லெஸ்பியின் 'மான்டேகா'வைக் கேட்ட நாளிலிருந்து ஆப்ரோ-கியூப ஜாஸ் பைத்தியம் பிடித்துவிட்டது. தேடிப் படிக்கும் இடத்திலெல்லாம் மாரியோ பௌசா என்றொரு பெயர் வருகிறது. 'எல்லாம் அவரால்தான்' என்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் அவர் பெயரில் வந்த இசைத்தட்டு எதுவும் என் கண்ணில் படவில்லை. பெரிய சோலோ வாசித்துப் பேர் வாங்கியவராகவும் தெரியவில்லை. குழுவின் தலைவர் மாச்சிட்டோ. டிரம்பெட் என்றால் கில்லெஸ்பி. கொங்கா என்றால் சானோ போசோ. இவர்களுக்கு நடுவில் பௌசா செய்தது என்ன? 'கிளாவே' என்கிறார்களே, அதை எங்கிருந்து பழகுவது? எந்தப் பதிவுகளைக் கேட்கலாம்?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: பௌசா செய்தது மூன்று வேலை: ஆள் சேர்த்தார், எழுத வைத்தார், ஒத்திகை வாங்கினார். கேட்க இவ்வளவுதானா என்றிருக்கும். ஆப்ரோ-கியூப ஜாஸ் உருவானதே இந்த மூன்று வேலையால்தான் என்பது என் கட்சி. மேதைகள் பின்னால் வந்து ஏறிக்கொண்ட மேடையைக் கட்டியவர் அவர். இசைத்தட்டின் அட்டையில் பெயர் வராமல் போனதற்கும் அதுவே காரணம்.

முழுக்கதையையும் வரிசையாகச் சொல்கிறேன். கிளாவேயும் கேட்க வேண்டிய பதிவுகளும் கடைசியில்.

இரண்டு பள்ளிக்கூடம்

பௌசா 1911 ஏப்ரல் 28 அன்று ஹவானாவில் பிறந்தார். வளர்த்தவர்கள் ஞானப்பெற்றோர். ஞானத்தந்தை இசை சொல்லிக்கொடுப்பவர் என்பதால் நோட்டேஷன் பார்த்துப் பாடும் பயிற்சி சிறு வயதிலேயே தொடங்கிவிட்டது. அப்புறம் கிளாரினெட். பதின்ம வயதில் ஹவானா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் பாஸ் கிளாரினெட் வாசிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

1926இல், பதினைந்து வயதில், பியானோக் கலைஞர் அன்டோனியோ மரியா ரொமேயுவின் குழுவோடு ஒலிப்பதிவுக்காக நியூயார்க் போனார். புல்லாங்குழலும் வயலினும் முன்னால் நிற்கும் 'சரங்கா' வகைக் குழு அது. அந்தப் பயணத்தில் இரண்டு விஷயங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. ஒன்று, பால் வைட்மன் இசைக்குழுவில் சாக்ஸபோன் ஒலித்த விதம். கிளாரினெட் பையன் சாக்ஸபோன் பக்கம் சாய்ந்தது அங்கேதான். இரண்டாவது, ஹார்லெம். கறுப்பின மக்கள் தங்கள் தெரு, தங்கள் அரங்கு, தங்கள் குழு என்று தலைநிமிர்ந்து நடப்பதைப் பார்த்தார். ஹவானாவில் கறுப்புத் தோலுக்குத் திறக்காத கதவுகள் நிறைய. திரும்பி வந்தால் இங்கேதான் வர வேண்டும் என்று அப்போதே முடிவுசெய்துவிட்டார்.

1930இல் வந்தும் சேர்ந்தார். உங்கள் வாத்தியம் அவர் கைக்கு வந்தது அப்போதுதான். நியூயார்க்கில் பாடகர் அன்டோனியோ மாச்சினுக்கு ஒலிப்பதிவுக்கு டிரம்பெட் ஆள் தேவைப்பட்டது. கியூப பாணி தெரிந்த டிரம்பெட்காரர் அந்த ஊரில் கிடைப்பது அரிது. 'எனக்கு ஒரு டிரம்பெட் வாங்கிக்கொடுங்கள், பதினைந்து நாளில் வாசிக்கிறேன்' என்று பௌசா ஒப்புக்கொண்டு, சொன்னபடியே வாசித்தும் காட்டினார். இது அவரே சொல்லிவந்த கதை. உதடு பழக எவ்வளவு காலம் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாள் கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். மாச்சின் குழுவில் அவர் டிரம்பெட் வாசித்தது மட்டும் உண்மை.

இரண்டாவது பள்ளிக்கூடம் 1933இல் தொடங்கியது. ஹார்லெமின் சவாய் நடன அரங்கில் சிக் வெப் குழு. வெப் டிரம்ஸ் கலைஞர். முதுகெலும்புக் காசநோயால் உடல் கூனிக் குள்ளமாகிப் போனவர். ஆனால் அவர் டிரம்ஸ் முன் உட்கார்ந்துவிட்டால் எதிரே வந்து நின்ற குழு தப்பிப்பது கஷ்டம். 1937இல் பென்னி குட்மன் குழு சவாய்க்கு வந்து வெப்போடு மோதித் தோற்ற இரவு ஜாஸ் வரலாற்றில் பிரசித்தம். அன்று வெப்பின் டிரம்பெட் வரிசையில் பௌசா இருந்தார். எலா ஃபிட்ஸ்ஜெரால்டு அந்தக் குழுவில் 1935இல் சேர்ந்தபோதும் இருந்தார். வெறும் வாத்தியக்காரராக இல்லை, குழுவின் இசை இயக்குநராகவே இருந்தார்.

ஜாஸில் ஒரு சொற்றொடரை எங்கே இழுக்க வேண்டும், எங்கே கடிக்க வேண்டும் என்பதை வெப்பிடம் கற்றதாக அவர் சொல்வதுண்டு. அங்கே அவர் வாசித்தது முதல் டிரம்பெட். சோலோ வாசிப்பவர் வேறு, முதல் டிரம்பெட் வேறு என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சோலோகாரர் எழுந்து நின்று கைதட்டல் வாங்குவார். முதல் டிரம்பெட் உட்கார்ந்தபடியே வரிசை முழுவதற்கும் மூச்சு எடுக்கும் இடத்தைத் தீர்மானிப்பார். பௌசாவின் வாழ்க்கை முழுதும் இந்த இரண்டாவது வேலைதான்.

உடம்பு 'சரியில்லாத' நாள்

1939இல் பௌசா கேப் கலோவேயின் குழுவில் இருந்தார். அங்கே அவர் செய்த ஒரு காரியம் ஜாஸ் வரலாற்றைத் திருப்பியது. டிஸி கில்லெஸ்பி என்ற இளைஞர் நியூயார்க்கில் வேலை தேடிக்கொண்டிருந்தார். கலோவேயிடம் சிபாரிசு செய்தால் எடுபடாது என்று பௌசாவுக்குத் தெரியும். ஒருநாள் தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, தன் இடத்தில் கில்லெஸ்பியை உட்கார வைத்தார். கலோவே கேட்டார். வேலை கிடைத்தது.

அதன்பின் இருவரும் ஒரே வரிசையில் வாசித்தார்கள். பயணத்தின்போது பௌசா கியூபத் தாளங்களைப் பற்றிப் பேசப் பேச, கில்லெஸ்பிக்கு ஆசை தொற்றிக்கொண்டது. 'மான்டேகா'வுக்கான விதை விழுந்தது இங்கே, பாட்டு வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு.

'ஆப்ரோ-கியூபர்கள்' என்று பெயர் வைத்தல்

ஃபிராங்க் கிரில்லோ என்ற மாச்சிட்டோ 1937இல் நியூயார்க் வந்தார். மராக்கஸ் கிலுக்கியபடி பாடுபவர், ஹவானாக் காலத்து நண்பர். பௌசா மணந்தது மாச்சிட்டோவின் சகோதரி எஸ்டெலாவை. ஆக, மச்சான் மச்சினன். இருவரும் சேர்ந்து குழு தொடங்க முன்பு ஒருமுறை முயன்று கைகூடவில்லை. 1940இல் மாச்சிட்டோ குழுவைத் தொடங்கினார். 1941இல் பௌசா கலோவேயை விட்டுவிட்டு இசை இயக்குநராக வந்து சேர்ந்தார். குழுவின் பெயர் 'மாச்சிட்டோவும் அவருடைய ஆப்ரோ-கியூபர்களும்'.

இந்தப் பெயரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று நியூயார்க்கின் பெரிய ஓட்டல்களில் கியூப இசை என்றால் சேவியர் கூகட் பாணி: பளபளப்பான உடை, மெல்லிய ரும்பா, மேடையில் வெள்ளைத் தோல். 'ஆப்ரோ' என்று வெளிப்படையாகப் போட்டுக்கொண்டால் பல வாசல்கள் மூடிக்கொள்ளும். தெரிந்தே போட்டுக்கொண்டார்கள்.

பௌசாவின் மூன்று வேலைகளும் இங்கே ஆரம்பிக்கின்றன.

முதலாவது, ஆள். தாள வரிசைக்குக் கியூபர்களையும் புவர்ட்டோ ரிக்கோகாரர்களையும் எடுத்தார். காற்று வாத்திய வரிசையில் அமெரிக்க ஜாஸ் வாசித்துப் பழகியவர்களைச் சேர்த்தார். அவர்களில் ஹார்லெம் குழுக்களிலிருந்து வந்த கறுப்பினக் கலைஞர்களும் உண்டு. கொங்காவில் கார்லோஸ் விடால், போங்கோவில் ஹோசே மங்குவல், டிம்பாலேயில் உபால்டோ நியெத்தோ என்று மூன்று வாத்தியமும் ஒரே இயந்திரம்போல் ஓடும் வரிசை பின்னர் அமைந்தது. இன்று எந்த லத்தீன் குழுவைப் பார்த்தாலும் இந்த மூன்றும் இருக்கும். அந்தக் கூட்டணி அமெரிக்காவில் வழக்கமானது இந்தக் குழுவால்.

இரண்டாவது, எழுத்து. கியூபக் குழுக்களில் டிரம்பெட் பெரும்பாலும் பாட்டுக்கு நடுவே பேசிவிட்டு ஒதுங்கிவிடும். பௌசாவுக்கு வெப், கலோவே குழுக்களின் செறிவு வேண்டும்: சாக்ஸபோன்கள் ஒரு குரல், டிரம்பெட்டுகள் இன்னொரு குரல், இடையே ஜாஸின் ஏழாம் ஒன்பதாம் ஸ்வரங்கள் சேர்ந்த ஹார்மனி. கலோவே குழுவுக்கு எழுதியவர்களிடமே அரேஞ்ச்மென்ட் வாங்கினார். 1940களின் நடுவில் ரெனே எர்னாண்டஸ் பியானோவுக்கு வந்தபின் அந்த எழுத்து முழு வடிவம் பெற்றது. அவரை நான் தனியாகச் சொல்லியாக வேண்டும். பௌசா கனவு கண்டார் என்றால் தாளில் இறக்கியவர் எர்னாண்டஸ்.

மூன்றாவது, ஒத்திகை. இரு சாராருக்கும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஜாஸ்காரர்கள் பின்சாய்ந்து வாசிப்பார்கள், தாளக்காரர்கள் நேராக அடிப்பார்கள். விட்டால் ரயில் பெட்டி கழன்று ஓடும். பிரிவு பிரிவாக உட்கார வைத்து, ஒவ்வொரு சொற்றொடரும் தாளத்தின் எந்தப் பக்கத்தில் விழ வேண்டும் என்று வாயால் பாடிக் காட்டி, பௌசா அதைச் சரிசெய்தார். வெப்பிடம் தான் கற்றதை எதிர்த்திசையில் கற்பித்தார் எனலாம்.

'டாங்கா' உருவான விதம்

இந்த முறை எப்படி வேலை செய்தது என்பதற்கு நல்ல சாட்சி 'டாங்கா'. வருடம் 1943. குழு அப்போது மன்ஹாட்டனில் 'லா கொங்கா' என்ற இரவு விடுதியில் வாசித்துக்கொண்டிருந்தது. ஒரு இரவு இடைவேளை நேரம். பியானோவிலிருந்த லூயிஸ் வரோனா சும்மா இருக்கப் பிடிக்காமல் பழைய பாட்டு ஒன்றின் முன்னிசையை உருட்டிக்கொண்டிருந்தார். பாஸ் வாசிக்கும் ஹூலியோ ஆண்டினோ அதோடு சேர்ந்துகொண்டார். பௌசா அதைக் கவனித்தார்.

அடுத்த ஒத்திகையில், 'நேற்று வாசித்ததை வாசி' என்று வரோனாவிடம் சொன்னார். பியானோ ஓட ஆரம்பித்தது. பாஸை அழைத்தார். தாள வரிசையை அழைத்தார். பிறகு சாக்ஸபோன்களுக்கு ஒரு சொற்றொடரை வாயால் பாடிக் கொடுத்தார். டிரம்பெட்டுகளுக்கு அதற்கு எதிர்ப்பேச்சாக இன்னொன்று. அடுக்கு மேல் அடுக்காக ஏறியதும், ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஜீன் ஜான்சனை நடுவில் விட்டு மனோதர்மமாக வாசிக்கச் செய்தார். தாளில் ஒரு வரி எழுதாமல் ஒரு பாட்டு முடிந்தது.

கியூபத் தாளக்கட்டு ஓரிடத்திலும் குலையாமல், அதன் மேல் ஜாஸ் ஹார்மனியும் ஜாஸ் மனோதர்மமும் நின்ற முதல் படைப்பு என்று 'டாங்கா'வைச் சொல்கிறார்கள். 'முதல்' என்ற பட்டத்தில் எனக்குக் கொஞ்சம் எச்சரிக்கை உண்டு. நியூ ஆர்லியன்ஸில் ஜெல்லி ரோல் மார்ட்டன் காலத்திலிருந்தே கரீபியத் தாளத்தின் சாயல் ஜாஸில் உண்டு. 1930களில் அல்பெர்ட்டோ சொகார்ராஸ் போன்ற கியூபர்கள் ஹார்லெமில் இரண்டையும் வாசித்தார்கள். ஆனால் அவை விருந்தாளியாக வந்து போனவை. 'டாங்கா'வில் இரண்டும் ஒரே வீட்டில் குடியேறின.

அதே 1943இல் மாச்சிட்டோ ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். குழு நின்றுவிடும் நிலை. மாச்சிட்டோவோடு ஒரே வீட்டில் தங்கையாக வளர்ந்த கிராசியெலாவை ஹவானாவிலிருந்து வரவழைத்தார்கள். பெண்கள் மட்டுமே வாசிக்கும் 'அனகவோனா' குழுவில் பாடி அனுபவம் பெற்றவர் அவர். மாச்சிட்டோ காலில் காயத்தோடு சீக்கிரமே திரும்பினார். கிராசியெலாவும் நிலைத்துவிட்டார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழுவின் இரண்டு குரல்கள் இவர்களுடையவை.

மேதைகள் வரிசையாக வந்தார்கள்

1947இல் கில்லெஸ்பி தன் பெரிய குழுவுக்கு ஒரு கொங்காக்காரர் வேண்டும் என்று பௌசாவிடம் கேட்டார். பௌசா கைகாட்டியவர் சானோ போசோ, ஹவானாவிலிருந்து வந்து அதிக நாள் ஆகாதவர். செப்டம்பர் 29 அன்று கார்னெகி ஹாலில் கில்லெஸ்பி குழுவோடு அவர் வாசித்தார். டிசம்பர் இறுதியில் 'மான்டேகா' பதிவானது. அடுத்த டிசம்பரில் ஹார்லெம் மதுக்கடை ஒன்றில் போசோ சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் அவர் வாழ்ந்தது இரண்டு ஆண்டுகூட இல்லை.

இப்போது 'மான்டேகா'வை மறுபடி கேளுங்கள். முதல் பகுதியில் கொங்காவும் பாஸும் கட்டும் சுழற்சி ஓடும். நடுப்பகுதி வந்ததும் தாளம் சட்டென்று ஸ்விங்குக்கு மாறிவிடும். பிறகு பழைய சுழற்சிக்குத் திரும்பும். இரண்டு வீட்டுக்கும் இடையே கதவைத் திறந்து போய்வரும் பாட்டு அது. அந்தப் போக்குவரத்திலேயே அதற்கு ஒரு ருசி உண்டு. 'டாங்கா'வில் அப்படி ஒரு கதவே கிடையாது. நீங்கள் கேட்ட 'பௌசா என்ன செய்தார்' என்பதற்கு இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் காதே பதில் சொல்லிவிடும்.

தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் 1948 டிசம்பரில் சார்லி பார்க்கரை மாச்சிட்டோ குழுவோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துவந்தார். பீபாப் என்ற ஜாஸ் பாணியின் தலைமகன், இந்தத் தாளத்தில் பழக்கமில்லாதவர், நேராக வந்து 'மாங்கோ மாங்குவே'யில் பறந்தார். பார்க்கர் மேதை, மறுப்பில்லை. ஆனால் கீழே தரை ஆடாமல் இருந்ததால்தான் அவரால் அப்படிப் பறக்க முடிந்தது. 1950 டிசம்பரில் சிக்கோ ஓ'ஃபாரில் எழுதிய 'ஆப்ரோ-கியூபன் ஜாஸ் சூட்' பதிவானது. பார்க்கர், ஃபிளிப் ஃபிலிப்ஸ், பட்டி ரிச் ஆகியோர் விருந்தினர்கள். 1957இல் 'கென்யா' இசைத்தட்டில் கேனன்பால் ஆடர்லியும் ஜோ நியூமனும் வந்து வாசித்தார்கள். யார் வந்து போனாலும் வீட்டு நிர்வாகம் பௌசாவிடம் இருந்தது.

பிராட்வேயும் 53ஆம் தெருவும் சந்திக்கும் இடத்திலிருந்த பல்லேடியம் நடன அரங்கு இதற்கு இணையாக நடந்த கதை. 1940களின் இறுதியிலிருந்து 1966இல் மூடப்படும்வரை மாம்போ நடனத்தின் தலைமையகம் அதுதான். கறுப்பர், வெள்ளையர், யூதர், இத்தாலியர், புவர்ட்டோ ரிக்கோகாரர் எல்லோரும் ஒரே தரையில் ஆடினார்கள். மாச்சிட்டோ, டிட்டோ புவென்டே, டிட்டோ ரொட்ரிகஸ் என்று அங்கே மும்மூர்த்திகள். அவர்களில் புவென்டே, கடற்படைக்குப் போகுமுன் மாச்சிட்டோ குழுவில் டிம்பாலே வாசித்துப் பழகியவர்.

பிரிவும் தாமதமான புகழும்

1970களின் நடுவில் ஐரோப்பியப் பயணம் ஒன்று வந்தது. செலவைக் குறைக்கச் சிறிய குழுவாகப் போகலாம் என்றார் மாச்சிட்டோ. பெரிய குழு இல்லையென்றால் இந்த இசையே இல்லை என்பது பௌசாவின் நிலை. முப்பத்துச் சொச்சம் ஆண்டுக் கூட்டு அதோடு முடிந்தது. கிராசியெலா பௌசாவோடு வெளியேறினார். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லமாட்டேன். மாச்சிட்டோவுக்குச் சம்பளம் கொடுக்கும் கவலை. பௌசாவுக்கு எழுத்தின் கவலை. மாச்சிட்டோ 1983இல் கிராமி விருது பெற்றார். 1984 ஏப்ரலில் லண்டனின் ரோனி ஸ்காட்ஸ் கிளப்பில் நிகழ்ச்சிக்காக வந்திருந்தபோது பக்கவாதம் தாக்கி இறந்தார்.

பௌசா கிராசியெலாவோடு 1977இல் 'லா போட்டானிகா' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். பெரிய சலனம் இல்லை. சந்தையில் அப்போது 'சால்சா' என்ற சொல்லுக்குத்தான் மவுசு. எண்பது வயதைத் தொட்டபோதுதான் காற்று திசைமாறியது. தன் பெயரிலேயே பெரிய குழு கட்டினார். ஓ'ஃபாரில் 'டாங்கா'வை ஐந்து பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பாக விரித்து எழுதித் தந்தார். அது இடம்பெற்ற 'டாங்கா' இசைத்தட்டு 1992இல் வெளியானது. 'மை டைம் இஸ் நவ்' அடுத்து வந்தது. '944 கொலம்பஸ்' அவர் இறப்பதற்குச் சில மாதங்கள் முன் பதிவானது. அந்தத் தலைப்பு அவருடைய வீட்டு முகவரி. 1993 ஜூலை 11 அன்று மன்ஹாட்டனில் காலமானார்.

'லத்தீன் ஜாஸ்' என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆப்ரோ-கியூப ஜாஸ் என்றே சொல்லச் சொல்வார். நியாயம் இருக்கிறது. அவர் கட்டியதன் அஸ்திவாரம் குறிப்பிட்ட ஒரு தீவின், குறிப்பிட்ட ஒரு மக்களின் தாளம்.

கிளாவே பழக

கிளாவே என்பது இரண்டு மரக்குச்சிகள். அவற்றைத் தட்டும் தாளக்கட்டுக்கும் அதே பெயர். ஒன்றிலிருந்து பதினாறுவரை சீராக எண்ணுங்கள். 1, 4, 7, 11, 13 ஆகிய எண்களில் மட்டும் கைதட்டுங்கள். முதல் எட்டில் மூன்று தட்டு, அடுத்த எட்டில் இரண்டு தட்டு. இதற்கு 3-2 என்று பெயர். இரண்டு தட்டுள்ள பக்கத்திலிருந்து பாட்டு தொடங்கினால் 2-3.

அடுத்து, 1, 5, 9, 13 ஆகிய எண்களில் காலைத் தட்டுங்கள். கையின் ஐந்து தட்டுகளில் 1, 13 இரண்டு மட்டும்தான் காலோடு சேரும். மற்ற மூன்றும் இடுக்கில் விழும். ஆரம்பத்தில் கை காலை இழுத்துக்கொண்டு போகும், அல்லது கால் கையை. வேகம் கூட்டாதீர்கள். கால் சிந்தனையின்றி நடக்கும்வரை இதே வேகம்.

இது பழகியபின் பாஸின் வேலையை வாயால் பாடுங்கள். 4, 7, 12, 15 ஆகிய எண்களில் 'பூம்'. பாஸ் ஒன்றாம் எண்ணைத் தொடவே தொடாது என்பதைக் கவனியுங்கள். 4, 7 இரண்டிலும் கிளாவேயோடு கைகோத்துக்கொள்ளும். மற்ற பாதியில் தன் வழியில் போகும். இந்த இசை கேட்பவரை முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பதன் ரகசியத்தில் பாதி இதுதான்.

கச்சேரியில் பாடகர் கையால் தாளம் போடுவதுபோல் என்று நினைத்தால் பாதி சரி. குச்சி ஒலிக்காவிட்டாலும் கிளாவே எல்லோர் உள்ளத்திலும் ஓடிக்கொண்டிருக்கும், அதுவரைக்கும் ஒற்றுமை. வேற்றுமை என்னவென்றால், கிளாவேக்குப் பக்கம் உண்டு. மூன்று பக்கத்துக்கு எழுதிய மெட்டை இரண்டு பக்கத்தில் வாசித்தால், எண்ணிக்கை சரியாக இருந்தும் காதில் உறுத்தும். பாட்டு தொடங்கியபின் கிளாவே புரளக் கூடாது. பக்கம் மாற வேண்டுமானால் மெட்டில் ஒற்றைப்படை அளவில் ஒரு சொற்றொடர் வைத்து, அடுத்த சொற்றொடரை மறுபக்கத்தில் இறக்குவார்கள். கிளாவே தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். 3-2, 2-3 என்று பகுத்துப் பெயரிட்டு எழுதும் வழக்கத்தை வளர்த்த பெருமையையும் பௌசாவுக்குத் தருகிறார்கள். அமெரிக்க வாத்தியக்காரர்களுக்கு ஒத்திகையில் புரிய வைக்க அப்படி ஒரு கணக்கு அவருக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

கேட்கும் வரிசை

முதலில் 1941இல் வந்த 'சோப்பா தெ பிச்சோன்'. மாச்சிட்டோவின் பாட்டு, இன்னும் ஜாஸ் முழுதாக நுழையாத நிலை. அடுத்து கிராசியெலாவின் குரலில் 'சி சி, நோ நோ'. பாட்டின் குறும்பை ரசித்தபடியே பியானோவைப் பின்தொடருங்கள்.

மூன்றாவது, பார்க்கர் வாசித்த 'மாங்கோ மாங்குவே'. ஒருமுறை பார்க்கருக்காக, மறுமுறை அவரை மறந்துவிட்டுத் தாள வரிசைக்காக. நான்காவது, 'ஆப்ரோ-கியூபன் ஜாஸ் சூட்'. ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள், துண்டு போடாதீர்கள். ஐந்தாவது, 'கென்யா'. பாட்டுக்குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும் என்பதால் உங்களுக்கு மிகவும் பயன்படும். முதல் டிரம்பெட் எங்கே மூச்சு விடுகிறது என்று குறித்துக்கொண்டே கேளுங்கள். கடைசியாக 1992 'டாங்கா'. எண்பது வயதில் தன் ஒத்திகைப் பாட்டு எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதை அந்த மனிதர் கேட்ட தட்டு அது.

உங்கள் செட்டில் இதை முயல விரும்பினால், மெட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒருவரிடம் இரண்டு குச்சியைக் கொடுத்துக் கிளாவேயை மட்டும் தட்டச் சொல்லுங்கள். டிரம்ஸும் பாஸ் டிரம்மும் அதோடு ஒட்டும்வரை ஊதுகிறவர்கள் யாரும் ஊத வேண்டாம். பிறகு சாக்ஸபோனுக்கு ஒரு வரி, டிரம்பெட்டுக்கு ஒரு வரி, வாயால் பாடிக் கொடுங்கள். அலுப்பாக இருக்கும், ஆட்கள் முணுமுணுப்பார்கள். 1943இல் பௌசாவின் ஒத்திகையும் இந்த வழியில்தான் நடந்தது.